அரியரும் அரசாணையும் ஒரே வகுப்பில்

படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் குடும்பம், மதுராந்தகம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடும் குடும்பம், மகேந்திரா சிட்டியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அண்ணனின் சம்பளத்தில் ஓடும் குடும்பம். எங்கள் முதலாண்டு வகுப்புக்குப் பிள்ளைகள் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள். பலர் தங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள். அவர்களுக்கு முதல் பருவத்தில் நான் எடுக்கும் கருத்தரங்க வகுப்பில் பாதி நேரம் கல்லூரியில் தேறி வருவது எப்படி என்பதற்கு. மீதி நேரம் நம் கல்வியின் சிக்கல்களைப் பேசுவதற்கு. இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பது என் அனுபவம்.

முதல் பாதியில் ஊக்கப்பேச்சு கிடையாது. கணக்குதான். 75 சதவீத வருகை வேண்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக் கரும்பலகையில் போடச் சொல்வேன். 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள். அந்த 22 நாளும் எதற்கெல்லாம் போகும் என்று அவரவர் நோட்டில் எழுத வேண்டும். ஆடிக் கூழ், நடவு, காய்ச்சல், அக்கா பிரசவம், கேட்டரிங் வேலை. “மேடம், ஆவணி முகூர்த்தத்துக்கே பாதி போயிடும்” என்பான் ஒரு பையன். எந்த முகூர்த்தத்துக்குப் போவது, எதை விடுவது என்று அங்கேயே முடிவெடுப்பான்.

அடுத்தது மதிப்பெண். இன்டர்னலில் 25-க்கு 20 வாங்கி, பருவத்தேர்வில் 75-க்கு 29 எடுத்தால் மொத்தம் 49. பாஸ்தானே என்பார்கள். இல்லை, அரியர். தேர்வில் மட்டுமே 30 வேண்டும். படித்தவர்கள் வீட்டில் இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில்தான் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாம் பாதிக்கு வீட்டிலிருந்து ஒரு தாள் எழுதி வரவேண்டும்: தாத்தா பாட்டி, அப்பா அம்மா, தான் என மூன்று தலைமுறை, யார் எதுவரை படித்தார், ஏன் நின்றார் என்று. வகுப்பில் அந்தத் தாளின் ஓரத்தில் ஆண்டுகளைக் குறிப்போம். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மீதியில் குடும்பத் தொழிலைக் கற்கச் சொன்ன ராஜாஜியின் திட்டம், 1953. அது கைவிடப்பட்டது, 1954. காமராஜரின் மதிய உணவு, 1956. மேல்நிலைக் கல்வி, 1978. எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1982. காலை உணவு, 2022.

ஒரு மாணவி தன் அம்மாவைப் பற்றி “எட்டாவதோட நின்னுட்டாங்க, படிப்பு ஏறல” என்று எழுதியிருந்தாள். அவர் எந்த ஆண்டு நின்றார், அப்போது ஊரில் எதுவரை பள்ளி இருந்தது என்று கேட்டு வரச் சொன்னேன். மறுவாரம் அந்த வரியை அடித்துவிட்டு, “எங்க ஊர்ல அப்ப எட்டாவது வரைக்கும்தான் ஸ்கூல்” என்று திருத்தி எழுதினாள். பிறகு எழுந்து நின்று வகுப்புக்கே படித்துக் காட்டினாள். குறை அம்மாவிடம் இல்லை என்று தெரிந்துகொண்ட பெண், தன்னைப் பற்றியும் அப்படியே நினைக்கத் தொடங்குகிறாள்.

ஆங்கிலமும் அப்படித்தான். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து பி.காம். சேர்ந்தவர், பாடம் புரியாதபோது தான் மக்கு என்று நினைத்துக்கொள்கிறார். பல்கலைக்கழகம் வரை வட்டார மொழியே பயிற்றுமொழியாக வரவேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பரிந்துரைத்தது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஏன் நடக்கவில்லை, நடந்தால் வேலை கிடைக்குமா என்று காரசாரமாக வாதம் நடக்கும். அந்த வாதம் முடிந்த கையோடு கணக்கியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுப்போம். கலைச்சொற்களை அடிக்கோடிட்டு, தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுவோம். சிக்கலை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் கோபம்தான் மிஞ்சும். உத்தியை மட்டும் சொன்னால், தோற்ற பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 1972-லேயே முதலாண்டு மாணவர்களுக்கென்று இப்படியொரு கருத்தரங்கைத் தொடங்கியது. நம் பக்கத்தில் 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் வந்த சமுதாயக் கல்லூரிகள், தொழில் பயிற்சியோடு வாழ்க்கைத் திறனையும் பாடமாகவே வைத்தன. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற அறிமுகப் பயிற்சிக்கு வழிகாட்டி வெளியிட்டது. தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது பேருதவி. ஆனால் கல்லூரிக்குள் வந்து சேர்ந்த பிள்ளையை மூன்றாண்டும் பிடித்து வைப்பது ஆசிரியர் வேலை.

சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். போர்ஷன் முடியவில்லை என்று யார் கேட்டாலும் இந்த வகுப்பைக் கடன் கொடுக்காதீர்கள். புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டாமல், துறையின் மூத்த ஆசிரியரே எடுக்கட்டும். பல்கலைக்கழக விதி, ஊர் நிலவரம் இரண்டும் தெரிந்தவர் அவர்தான். எந்த ஆண்டில் எதனால் பிள்ளைகள் நின்றார்கள் என்பதும் அவருக்கு நினைவிருக்கும். அது இந்த ஆண்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்.