மயில் மலையும் நாரைக் கண்மாயும்

மார்கழி மாதத்து அதிகாலை. காரைக்குடி செக்காலையிலிருந்து அடியேனும் மனைவியும் பேரனும் புறப்பட்டு, தேவகோட்டை வழியே தொண்டிக் கடற்கரையை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அலை அடங்கிய கடலின் மேல் ஆலாக்கள் வட்டமிட்டன. ஈரமணலில் உள்ளான்கள் இரை தேடின. வடதேசக் குளிருக்கு அஞ்சி நம் கரையை நாடி வந்த விருந்தினர் அவை. வெண்கழுத்தும் செம்மேனியுமாகக் கருடன் ஒன்று வானில் தோன்ற, மூவரும் கைகூப்பினோம். திரும்பும் வழியில் திருவாடானை ஆதிரத்தினேசுவரரைத் தரிசித்தோம்.

பிற்பகலில் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக்குச் சென்றோம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக விளங்குகின்றன. நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும், அரிவாள் மூக்கன்களும், கொக்குகளும் கூடு கட்டியிருந்தன. பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாகிறது.

இவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும், திருமணத்திற்கும், கோயில் திருவிழாவிற்கும் வெடி வெடிப்பதில்லை. "ஆசை இராதா?" என்று முதியவர் ஒருவரிடம் வினவினேன். "கூட்டில குஞ்சு இருக்கும்போது வெடிச்சா, தாய்ப்பறவை பதறிப் பறந்துடும் ஐயா. நம்மை நம்பி வந்ததை விரட்டலாமா?" என்றார். அடைக்கலம் தரும் ஆலயமே சரணாலயம் என்பது அப்போது விளங்கிற்று.

பேரன் என்னை ஏறிட்டு, "தாத்தா, நம்ம கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை நீங்கதானே கொடுக்கறீங்க? அங்கேயும் ஆலமரத்துல கொக்கு இருக்கே?" என்றான். என்னிடம் விடை இல்லை.

அந்தி சாய்ந்தபின் குன்றக்குடியை அடைந்தோம். மயில் வடிவான இம்மலையின் தலபுராணம் அன்பர்கள் அறிந்ததே. அசுரர்களின் பொய்யுரையை நம்பிச் சினந்த மயில், கருடனையும் அன்னங்களையும் விழுங்கியது. முருகப்பெருமான் அவற்றை மீட்டருளி, மயிலை மலையாகுமாறு சபித்தார். அது தவமிருந்து, பின்னர் அவனருளால் சாபவிமோசனம் பெற்றது. தன் வாகனமேயாயினும் பிற பறவைக்கு இழைத்த தீங்கை ஐயன் பொறுத்திலன். அறியாமல் செய்தேன் என்று அடியேன் மட்டும் தப்ப இயலுமா?

வலிக்கும் முழங்காலுடன் படியேறி, சண்முகநாதர் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். இவ்வாண்டு முதல் எங்கள் குடும்பத்தின் வாணவேடிக்கை உபயம், கோயில் ஊருணியைத் தூர்வாரும் திருப்பணிக்குச் சேரும். நீர் நின்றால் பறவைகள் வரும்.

பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வரும் அன்பர்கள், குளிர்காலத்தில் அப்படியே வேட்டங்குடிக்கும் சென்று வாருங்கள். அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அதுவும் ஒரு சந்நிதியே.