நிச்சயமாவா?

போன வாரம் பேரன் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "தாத்தா, மேக்ரோ எழுதினது நீங்க. பட்டனை அழுத்தறதும் நீங்க. அப்புறம் எதுக்கு அது உங்களையே 'நிச்சயமாவா?'ன்னு கேக்குது?" அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1994 என்று நினைவு. பாண்டிச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஓய்வூதியப் பட்டியல் போடும் பிரிவில் இருந்தேன். பிரிவுக்கே ஒரு கம்ப்யூட்டர், டாஸ் ஓடும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் ஆங்கிலக் கட்டளைகள் பழகச் சில மாதம் ஆயிற்று. பழகியபின் விடவில்லை.

மாசக் கடைசியில் ஒரே வேலை. 'டெம்ப்' ஃபோல்டருக்குப் போய் அங்கிருக்கும் கழிவுக் கோப்புகளை அழிக்க வேண்டும். திரும்பி வந்து பட்டியல்களை ஃபிளாப்பியில் எடுக்க வேண்டும். இந்த நாலு கட்டளையையும் ஒரு பேட்ச் ஃபைலில் எழுதினேன். பெயரை அடித்தால் போதும், வரிசையாக ஓடும்.

ஒரே தொல்லை, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் டாஸ் நின்று "நிச்சயமா?" என்று கேட்கும். 'ஒய்' அழுத்த ஆள் வேண்டும். எனக்கோ டீ நேரம். 'எக்கோ ஒய்' என்று முன்னால் சேர்த்தால் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தேன். பெருமை தாங்கவில்லை.

பல மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் பக்கத்து மேசை நண்பர், 'டெம்ப்' காலியாகத்தானே கிடக்கிறது என்று அந்த ஃபோல்டரையே நீக்கிவிட்டார். முதல் வரி தோற்றது. ஆனால் ஒரு வரி தோற்றால் பேட்ச் ஃபைல் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். அது நின்றிருந்த இடம் பட்டியல்கள் இருந்த ஃபோல்டர். டீ குடித்துவிட்டு வந்தால் திரையில் 'பேட்ச் ஃபைல் மிஸ்ஸிங்'. கடைசியில் தன்னையே அழித்துக்கொண்டிருந்தது!

டாஸ் அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்தைத்தான் கெடுக்கும். 'அன்டெலீட்' போட்டு ஒவ்வொரு கோப்புக்கும் முதல் எழுத்தைக் கொடுத்து மீட்டேன். இரண்டு வரவில்லை. இரண்டுமே குடும்ப ஓய்வூதியம். ஒன்றாம் தேதி பணத்தை நம்பியிருந்த விதவைகளின் பெயர்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் கம்ப்யூட்டரை நம்பாதவர். கையால் ஒரு பேரேடு எழுதிக்கொண்டே இருப்பார், நாங்கள் கேலி செய்வோம். அன்று பீரோவைத் திறந்து அதை என் முன்னால் வைத்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம். பட்டியல் நேரத்துக்குப் போயிற்று. அவர் திட்டவில்லை. "என்னப்பா, அடுத்த மாசமும் டீக்குப் போவியா?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளியில் 'திக்தே' முடிந்ததும் வாத்தியார் தாளை உடனே வாங்கமாட்டார். "ரெலிசே", திரும்பப் படி என்பார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாதித் தப்பு கண்ணில் படும். நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது குடியிருப்புச் சங்கத்தின் கணக்கை எக்செலில் போடுகிறேன். போன மாத வரவைத் துடைத்துப் புது மாதம் தொடங்க ஒரு மேக்ரோ உண்டு. மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது. அதனால் முதலில் ஒரு நகல் எடுக்கிறது, பிறகு என்னைக் கேட்கிறது.

வேலையை இயந்திரத்திடம் விடலாம். அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன், ஒவ்வொரு மாதமும்.