வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு

நம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், சில நாட்களில் விமானத்தின் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு நீளும். எங்கள் ஊரில் அதற்கு 'ராக்கெட்டு' என்றுதான் பெயர். சின்ன வயதில் கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடியிருக்கிறேன்.

முதலாம் ஆண்டு விடுமுறையில் ஒரு நாள். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு, "ராக்கெட்டு வாலு கலையாம அப்படியே நிக்குதுடா. மழை வரும்போல. தார்ப்பாய எடுத்தா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ராக்கெட்டு இல்லப்பா, ஏரோப்ளேன் விடுற புகை. புகைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? படிக்காதவங்க பேச்சால்ல இருக்கு!"

அப்பா பதில் பேசவில்லை. தானே போய்த் தார்ப்பாயை இழுத்து மூடினார். அன்று மழை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வானத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இரண்டாம் ஆண்டில் தெர்மல் இன்ஜினியரிங் பாடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எரிபொருள் எரிந்தால் நீராவி வரும் அல்லவா? விமான எரிபொருள் 1 கிலோ எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 1.25 கிலோ நீராவி வெளிவருகிறது. சுமார் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிரில் அது கரித்துகள்களின் மேல் படிந்து, உடனே பனித்துகளாக உறைகிறது. மார்கழிக் காலையில் நம் வாயிலிருந்து 'புகை' வருகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்! இதற்கான கணக்கை 1941-ல் ஜெர்மனியின் ஷ்மிட்டும், 1953-ல் அமெரிக்காவின் ஆப்பிள்மேனும் போட்டுத் தந்தார்கள்.

நம் ஊர் வெப்பப் பிரதேசம். 10 கிலோமீட்டர் உயரத்தில்கூட இங்கே சுமார் மைனஸ் 35 டிகிரிதான். 12 கிலோமீட்டரில் மைனஸ் 50-ஐ ஒட்டி வரும். அதனால்தான் ஒரே நாளில் ஒரு விமானம் வாலோடும், சற்றுத் தாழ்வாகப் போகும் இன்னொன்று வால் இல்லாமலும் போகிறது.

மேல்காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரம் மறைந்துவிடும். ஈரமாக இருந்தால் கலையாமல் நின்று, பஞ்சு போல் பரவும். ஆக, வால் நின்றால் மேலே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு அது மட்டும் போதாது. கீழ்க்காற்றிலும் ஈரம் வேண்டும். அப்பா சொன்னது பாதி சரி. புகை என்று நான் சொன்னதோ முழுத் தப்பு!

பொங்கலுக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, "அவ்ளோ உசரத்துல அவ்ளோ குளிரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோ பாரு, இன்னிக்கு வாலு சட்டுனு கலையுது. மல்லாட்டைய தாராளமா காய வைக்கலாம்" என்றார்.

அப்பா மறுபடி பேசிவிட்டார்! அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்வார், நான் தேதி போட்டு எழுதுவேன்.

நண்பர்களே, அடுத்த முறை அந்தக் கோட்டைப் பார்த்தால் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கவனியுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்ட பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்!