மலை மேல் ஒரு அட்சய பாத்திரம்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என் நாவல்களில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. ஆகையால் எங்கள் சிநேகத்துக்குப் பங்கமில்லை. 2022ஆம் வருஷம் ஒரு நாள், "மலைமேலே பள்ளிக்கூடத்துக்குச் சோலார் போடுறோம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்" என்றார். பேசச் சொன்னால் எழுத்தாளன் மறுப்பானா? புறப்பட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்குப் பஞ்சமே கிடையாது என்றுதான் சொல்லவேண்டும். தேக்கடித் தண்ணீர் ராட்சசக் குழாய்களில் இறங்கி, 1958 முதல் லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். இருந்தும், ஜீப் முனகி முனகி ஏறிய அந்தப் பளியர் குடியிருப்பில் ஒரு மின்கம்பம்கூட இல்லை. காட்டுக்குள் கம்பம் நடுவது லேசா? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை சிபாரிசு செய்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த காட்டு நிலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் மின்கம்பிக்கும் இடம் தரலாம் என்கிறது. சட்டம் சொல்லிவிட்டது, கம்பி வரவில்லை. சூரியன் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தினம் வந்துகொண்டிருந்தான்.

ஓட்டுக் கூரையின் தென்புறச் சரிவில் தகடுகள். மூலையில் நான்கு பாட்டரிகள். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கும். 'இல்லம் தேடிக் கல்வி' என்று 2021இல் சர்க்கார் ஆரம்பித்த மாலை வகுப்பை, அந்தக் குடியிருப்புப் பெண் ஒருத்தியே நடத்தி வந்தாள். அதுவரை மண்ணெண்ணெய் விளக்கும் புகையும்தான்.

நான் பிரமாதமாகப் பேசினேன். வனவாசத்தில் தருமபுத்திரருக்குச் சூரிய பகவான் அட்சய பாத்திரம் கொடுத்த கதையைச் சொல்லி, "இதோ உங்கள் அட்சய பாத்திரம்!" என்று கூரையைக் காட்டினேன். நல்ல கைதட்டல். இறங்கி வரும்போது சத்துணவு சமைக்கும் பாட்டி என்னை நிறுத்தினாள்.

"ஏய்யா, அந்தப் பாத்திரத்தையும் திரௌபதி தினம் கழுவித்தானே வச்சிருப்பா? இதை யாரு கழுவுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறு வருஷம் ஐப்பசி கழிந்து மறுபடி போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பழைய மண்ணெண்ணெய் விளக்கில். ஐந்து வாரம் மூடுபனி; தகட்டில் பாசி; பாட்டரியில் தண்ணீர் வற்றி, இன்வெர்ட்டர் கீச்சிட்டு அடங்கிவிட்டதாம். பழுது பார்க்கக் கொடுத்த போன் நம்பர் சுவரில் அழகாக எழுதியிருந்தது. போன் பேச வேண்டுமானால் அரை மணி நேரம் மலை இறங்கவேண்டும். இறங்கிப் பேசியிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. பாட்டரிப் பெட்டியின்மேல் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

ராஜஸ்தானத்தில் திலோனியா என்ற ஊரில், பங்கர் ராய் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இருக்கிறது. பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி. சூரிய லாந்தர் வெளிச்சம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களே கம்பியின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்று விளக்குகளைப் பழுது பார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து கற்றுப் போகிறார்கள். இதைப் படித்து வைத்திருந்தும், மேடையில் நான் சொன்னது புராணம்!

வெட்கத்தோடு நண்பரிடம் போனேன். போடியில் டிராக்டர் பாட்டரி பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு மேலே ஏறினோம். இரண்டு பாட்டரி பிழைத்தது, இரண்டு பிழைக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணையும் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்து, மூடியைத் திறப்பது, எந்த மட்டம் வரை தண்ணீர் விடுவது, முனையில் பூக்கும் பச்சைப் பொடியைத் துடைப்பது எல்லாம் செய்து காட்டினார். பாட்டிக்குப் பாடம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஊறுகாய் ஜாடி மாதிரிதான்" என்றாள்.

அன்று மாலை இரண்டு விளக்கு எரிந்தன. மீதி இரண்டுக்குப் புதுப் பாட்டரி வேண்டும். நண்பர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்தாள்.

"அடுத்த தடவை பேச வரவேண்டாங்க ஐயா. பாட்டரித் தண்ணி மட்டும் ரெண்டு கேன் கொண்டாங்க."

மூன்றாக வாங்கிப் போனேன். ஒன்று ஜீப்பிலேயே கவிழ்ந்துவிட்டது.