ஒற்றைக் கோல்

மரக்காணத்து உப்பளங்களில் பணிபுரியும் பெண்கள், வெயில் ஏறுவதற்குள் வேலையில் பெரும்பகுதியை முடித்தாக வேண்டும். ஆதலால் ஊர் உறங்கும்போதே எழுந்துவிடுவர். விடிவெள்ளியைப் பார்த்துப் பொழுதறியும் வழக்கம் அக்கடற்கரைக்குப் புதியதன்று. ஹரியானா மாநிலத்தில் ஷாஹாபாத் என்னும் சிற்றூரிலும் ஒரு தாய் அவ்வாறே வானத்தைப் பார்த்து நேரம் கணித்தார். வீட்டில் கடிகாரம் இல்லை. மகளை வைகறையில் ஹாக்கிப் பயிற்சிக்கு எழுப்பி அனுப்ப வேண்டும். அம்மகளே பின்னாளில் இந்திய மகளிர் அணியின் தலைவியான ராணி ராம்பால்.

தந்தை வண்டி இழுத்துப் பிழைத்தவர். மட்டை வாங்க வழியின்றி, முறிந்த மட்டை ஒன்றைக் கொண்டே ராணி ஆடக் கற்றார். பயிற்சிக்கு வருவோர் நாளும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அவர் வீட்டில் இருநூறு மில்லிலிட்டர் வாங்கவே இயலும். எஞ்சிய அளவைத் தண்ணீரால் நிரப்பி, எவரும் அறியாமல் குடித்துவிட்டு ஆடியதாகப் பின்னர் அவரே கூறியுள்ளார்.

2008ஆம் ஆண்டு, ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இந்தியாவுக்காக அவர் களமிறங்கியபோது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அம்முறை இந்தியாவுக்கு இடம் கிடைக்கவில்லை. 2012இல் புதுதில்லியில் நடந்த தகுதிச்சுற்றின் இறுதி ஆட்டத்திலும் தென்னாப்பிரிக்காவிடம் 1–3 எனத் தோல்வி. மகளிர் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1980இல், மாஸ்கோவில் ஆறு அணிகளுள் நான்காம் இடம் பெற்ற நாடு, மறுமுறை அவ்வரங்கில் நுழைய 36 ஆண்டுகள் காத்திருந்தது. 2016இல் ரியோ சென்றபோதும் இந்தியா கடைசி இடத்தையே பெற்றது.

தகுதிச்சுற்று என்பது விளையாட்டு உலகின் இரக்கமற்ற வாயில். உலகக்கோப்பையில் தோற்றவர்க்கும் ஆடிய பெருமை மிஞ்சும். இங்குத் தோற்றவர்க்கு நான்கு ஆண்டுகள் வீணாகும். ஒலிம்பிக்கில் இடம் பன்னிரண்டு அணிகளுக்கே. கண்டங்களின் வெற்றியாளர் நேரே செல்வர். மற்றவருள் பெரும்பாலோர் தமக்குள் மோதியே இடம் பெறுவர்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2019 நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் புவனேஸ்வரின் கலிங்கா விளையாட்டரங்கில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதின. இரண்டு ஆட்டங்கள், ஆளுக்கொன்று வென்றால் மொத்தக் கோல்கள் கணக்கிடப்படும். முதல் நாள் இந்தியா 5–1 என வென்றது. நான்கு கோல் முன்னிலை! அன்றிரவு டோக்கியோ கைக்கெட்டும் தொலைவில் இருப்பதாக இரசிகர் பலர் எண்ணியிருக்கக்கூடும்.

மறுநாள் ஐந்தாவது நிமிடத்திலேயே அமெரிக்கா கோல் அடித்தது. பதினான்காவது நிமிடத்தில் இரண்டாவது, இருபதாவதில் மூன்றாவது, இருபத்தெட்டாவதில் நான்காவது. இடைவேளைக்கு வீராங்கனைகள் திரும்பியபோது கணக்கு 5–5. முதல்நாள் அறுபது நிமிடம் உழைத்துச் சேர்த்த முன்னிலை அரைமணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. உப்பளத்தில் திரண்ட உப்பைக் கோடைமழை கரைத்துச் செல்வதுபோல. மூன்றாம் கால்பகுதியில் எத்தரப்பும் கோல் அடிக்கவில்லை. அப்பதினைந்து நிமிடமே அவ்வாட்டத்தின் உயிர் எனல் வேண்டும். நிலைகுலைந்த அணி, முதலில் நிலைத்து நிற்கக் கற்றது, பிறகே முன்னேறியது.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் அமெரிக்கக் கோல்பகுதியின் வட்டத்துக்குள் பந்து ராணியின் மட்டைக்கு வந்தது. அவ்வட்டத்துக்குள்ளிருந்து அடிப்பதே கோலாகும் ஆட்டம் இது. அவர் தயங்கவில்லை. ஆட்டம் 1–4 எனத் தோல்வியில் முடிந்தது. ஆயினும் மொத்தக் கணக்கில் 6–5 என்று இந்தியாவே டோக்கியோ சென்றது. தோற்ற ஆட்டத்தில் அடித்த ஒற்றைக் கோல் வாயிலைத் திறந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் அதே அணி ஆஸ்திரேலியாவை 1–0 என வென்று, முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதியில் கால்பதித்தது. முடிவில் நான்காம் இடம் பெற்றது.

குயிலாப்பாளையம் போன்ற ஊர்களின் செம்மண் திடலில் ஆடிப் பழகும் சிறுமி ஒன்றை அறிந்திருத்தல் நன்று. 1976 முதல் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடைபெறுகிறது. நீர் தெளித்த அத்தரையில் பந்து வழுக்கி விரையும். மண்ணில் துள்ளித் துள்ளி வரும் பந்துக்குப் பழகிய கை, குனிவையும் பிடியையும் புதிதாகப் பயில வேண்டும். திறமை குறைவன்று, தரை வேறு. சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேர்வு செய்வோர் இதனைப் பெரிதும் மறந்துவிடுகின்றனர்.

புவனேஸ்வர் திறந்த வாயிலை ராஞ்சி மூடியது. 2024 சனவரியில், 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணித்தலைவர் ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர் தாங்கிய அரங்கில், எட்டு அணிகள் பாரிசுக்குரிய மூன்று இடங்களுக்காக மோதின. ராணி அப்போது அணியில் இல்லை. கோல்காப்பாளர் சவிதா தலைமை ஏற்றிருந்தார். அரையிறுதியில் ஜெர்மனியுடன் 2–2 எனச் சமன் செய்தும், தனிமுயற்சிச் சுற்றில் 3–4 என வெற்றி நழுவியது. எஞ்சிய ஓரிடத்துக்காக ஜப்பானைச் சந்தித்தனர். ஆறாவது நிமிடத்தில் ஜப்பான் கோல் அடித்தது. அதன்பின் இருந்தவை ஐம்பத்து நான்கு நிமிடங்கள். சொந்த மண்ணின் பெருங்கூட்டம் இறுதிவரை ஆர்ப்பரித்தது. அந்த ஒற்றைக் கோல் வரவேயில்லை.