வெள்ளி பூசிய பனியன்

துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் எந்திரத்தின் பக்கத்தில் போனதுமே முகத்தில் அனல் அடித்தது. திருப்பூரில் ஒரு ஃபினிஷிங் யூனிட். பனியன் துணி ஒரு தொட்டியில் முங்கி, இரண்டு ரோலர்களுக்கு நடுவே பிழிபட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தது. தொட்டியில் மஞ்சள் நிறத் தண்ணீர்.

"நானோ வெள்ளிங்க. அத்தனை பொடிசாக்கினா மஞ்சளாத்தானுங்க தெரியும்" என்றார் மேற்பார்வையாளர்.

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அதைத் தின்னும் பாக்டீரியாதான் நாற்றத்தைக் கிளப்புகிறது. துணி ஈரமானதும் வெள்ளித் துகளிலிருந்து அயனிகள் கசிந்து, பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்கிவிடும். துகள் சிறுக்கச் சிறுக்கக் கசிவு கூடும். கசிந்தால்தான் வேலை செய்யும். கசிந்துகொண்டே இருந்தால் தீர்ந்தும் போகும்.

அடுத்த கட்டிடத்தில் பரிசோதனைக்கூடம். அங்கிருந்த பெண் இன்குபேட்டரைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் எண்ண முடியாத புள்ளிகள்: சாதாரணத் துணியில் 24 மணி நேரம் இருந்த பாக்டீரியா. இன்னொன்றில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"99.9 சதவீதம் சார்."

லட்சத்தில் நூறுதான் மிச்சம். உண்மையிலேயே வியந்தேன். "எத்தனை சலவைக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

"இது புதுத்துணி சார். துவைச்சுப் பாக்கச் சொல்லிப் பார்ட்டி கேட்டாத்தான் செய்வோம்."

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி பூசிய காலுறைகளை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில ரகங்களில் நான்கே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் போய்விட்டது. வேறு சிலவற்றில் ஒரு சதவீதம்கூடப் போகவில்லை. துணியோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்பதில் அத்தனை வித்தியாசம்.

அப்படிப் போகும் வெள்ளி எங்கே போய்ச் சேரும்? கழிவுநீர்ப் பிரச்சினைக்காக 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகளை மூடிய ஊர் இது. ஆலைக் கழிவுக்குக் கணக்கு உண்டு. வீட்டில் பனியன் துவைத்த தண்ணீருக்கு? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் வெள்ளியில் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து வீரியம் குறைந்து சேற்றில் தங்கிவிடும். திறந்த சாக்கடை வழியாகக் குளத்தில் கலந்தால், வெள்ளி அயனி பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு.

வெள்ளிக்குப் பழகிய கிருமிகளும் உண்டு. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளி மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா பரவியதை 1975இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வெந்த உடம்புக்குத் தேவைப்படும் மருந்தை அக்குள் நாற்றத்துக்குச் செலவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

புறப்படும்முன் அந்தத் துணியில் ஒரு துண்டை 20 முறை துவைத்துச் சோதிக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். அந்தப் பெண் துண்டின் ஓரத்தில் மார்க்கரால் '20' என்று எழுதிக்கொண்டார்.