எங்களுக்கு ஊர், அவளுக்கு வெளிநாடு

வளைகுடாவைக் காலி செய்துவிட்டு வருகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் சாமான் கணக்கு, பணக் கணக்கு. 2022 ஏப்ரலில் சார்ஜாவிலிருந்து பழவேற்காட்டுப் பக்கத்துக் காட்டூருக்கு வந்தபோது நாங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டோம். சரியாகவே போட்டோம்.

வேலையை விடும்போது வரும் பணிக்கொடை, அமீரகச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். முதலில் என் விசாவும் மகள் விசாவும் ரத்தாக வேண்டும், பிறகுதான் வீட்டுக்காரருடையது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை இங்கே வந்ததும் உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும். 2 வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்புகிறவர் 5 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களைத் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்றது அன்றைய சுங்க விதி. நகை விஷயம்தான் வேடிக்கை. பெண்ணுக்கு 40 கிராம் வரை சரி, ஆனால் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றது அதே விதி. அன்றைய விலையில் 1 லட்சத்துக்கு 3 பவுன்கூட வராது. விதி எழுதியவர் நகைக்கடைப் பக்கம் போய் நாளாகியிருக்கும்!

கார்கோக்காரர் கிலோ போட்டுத்தான் காசு வாங்குவார். அப்படியும் தடித்த சீனாப் போர்வைகளை அட்டைப்பெட்டியில் அமுக்கி, கயிறு கட்டி, மார்க்கரால் நாலு பக்கமும் பெயர் எழுதினோம். பழவேற்காட்டு ஏரிக்காற்றில் அந்தப் போர்வையை மார்கழியில்கூடப் போர்த்த முடியாது. என் மாமியார் அதில் வடகம் காயவைக்கிறார்.

எந்தக் கணக்கிலும் வராதது மகள். அவளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு. அமீரகத்தில் அரபி கட்டாயம், பள்ளியில் இந்தி வேறு. இரண்டையும் சரளமாக வாசிப்பாள். தமிழ் வாயில் மட்டும். இங்கோ 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் எழுதியே ஆக வேண்டும். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலக்குக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. பொன்னேரியில் பள்ளிச் சேர்க்கைக்குப் போனால், மாற்றுச் சான்றிதழில் அங்கத்திய முத்திரைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களே தவிர, அவளைப் பார்க்கவில்லை.

வந்த வாரம் மாமியார் ஏரி நண்டு வாங்கிவந்தார். கொடுக்கைக் கட்டிய கயிறு நழுவி ஒன்று அடுப்படியில் ஓட, மகள் கட்டில்மேல் ஏறி நின்று, "நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று அழுதாள். மாமியார் என்னைத்தான் பார்த்தார். எந்த வீட்டை அவள் சொல்கிறாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

எங்களுக்கு முன்பே, 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலில் வந்து எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறியவர்கள் நகையைக்கூட விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களோடு எங்களை ஒப்பிடுவது அடாது. ஆனாலும் அங்கேயே பிறந்த பிள்ளைகளைத் 'தாயகம் திரும்பியோர்' பட்டியலில் சேர்த்தார்களே, அது எனக்கு உறுத்துகிறது. பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது?

மகளுக்குத் தமிழ் டியூஷன் வைத்தோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாமியாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ரேஷன் கடைக்கு அவளைக் கூட்டிப்போக ஆரம்பித்தார். பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்ததை "து...வ...ர...ம் ப...ரு..." என்று அவள் கூட்டிப் படிக்க, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இருங்கடி, என் பேத்தி படிக்கிறா" என்றார் மாமியார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் மருந்துச் சீட்டையும் அவளிடம் நீட்டினார். அது இங்கிலீஷ்தான், அது வேறு கதை. ஊரில் தன்னால் ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் தமிழ்ப் புத்தகத்தைத் தானாக எடுத்தாள். துபாயில் ராஸ் அல் கோர் சதுப்பில் பள்ளியோடு போய்ப் பார்த்த பூநாரைகள், பழவேற்காட்டுக்கும் குளிர்காலத்தில் வரும் என்று வகுப்பில் எழுதிக் காட்டியதுதான் அவளுடைய முதல் கட்டுரை. எழுத்துப்பிழை நிறைய.

மஸ்கட்டிலிருந்து கிளம்பப்போகும் தோழி ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். அவள் பையன் ஒன்பதாவது போகிறான். இப்போதே தமிழ் எழுத்தை ஆரம்பி, மாற்றுச் சான்றிதழை முதலில் வாங்கு, முடிந்தால் விடுமுறையில் ஒரு மாதம் அவனைத் தாத்தா வீட்டில் விட்டுவை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றவள், "55 இஞ்ச் டிவியை எடுத்துட்டு வந்தா சுங்கத்துல பிடிப்பாங்களா?" என்றாள்.